ஃபிரேம் அக்காவும் ஊசி உருளையும்

மூக்குக்கண்ணாடியை வந்தவரின் முகத்தில் ஏற்றிவிட்டு, ஓரடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்கினால் அந்த ஃபிரேம் அலமாரிக்குத் திரும்பிவிடும். "ம்" என்றால் விஷயம் முடிந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு ஃபிரேம் அக்கா என்று பெயர். நீள முகம், வட்ட முகம், இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட முகம், எதற்கும் கைவசம் ஒன்று வைத்திருப்பார். கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறவர்களுக்கு அடிவிளிம்பு தடித்த கறுப்பு ஃபிரேம். "இது போட்டா ஒண்ணும் தெரியாதுங்க" என்பார், காதோடு காதாக.

அக்காவின் கண்ணுக்குக் கீழே தொங்கும் பையை மறைக்கத்தான் ஆளில்லை. அது அம்மா வழியில் வந்த சொத்து. கடையிலும் வீட்டிலும் மாறி மாறி நின்றதில் இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கிறது. வருகிறவர்களெல்லாம் உடம்பு சரியில்லையா, தூங்கவில்லையா என்று விசாரிப்பார்கள். ஆரம்பத்தில் ஏதேதோ காரணம் சொல்லிப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய், "இது என் முகம்ங்க, இப்படித்தான் இருக்கும்" என்று முடித்துக்கொண்டார்.

முதலாளி சுற்றி வளைத்துத்தான் சொன்னார். முன்னால் நிற்கிற ஆள் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். அந்தத் தடித்த ஃபிரேமில் ஒன்றைப் பவர் இல்லாமல் மாட்டிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் உள்ளே லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் போகலாம். உள்ளே நாளெல்லாம் இரைச்சலும் ஈரத் தூளும்தான், ஒரு முகம் கண்ணில் படாது. இந்த வேலையில் அக்காவுக்கு மிச்சமிருக்கிற ஒரே சந்தோஷம் முகங்கள்தான்.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்து ஊசி உருளை வாங்கினார். சின்னக் கைப்பிடி, நுனியில் ஒரு சக்கரம், சக்கரம் முழுக்க மயிரிழை ஊசிகள். கண்ணுக்குக் கீழே உருட்டினால் பை வற்றிவிடுமாம். வீடு எழுவதற்கு முன் குளியலறையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டினார். உருட்டி முடித்ததும், கடையிலிருந்து கொண்டுவந்த, லென்ஸ் துடைக்கும் திரவத்தைப் பீய்ச்சி, லென்ஸ் துணியாலேயே ஊசிகளைத் துடைத்து வைத்தார். பளபளத்தது. பளபளத்தால் சுத்தம் என்பது அவர் தொழிலின் கணக்கு.

கிருமிகளுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. ஒரு காலையில் இடது கண் திறக்கவே இல்லை. கீழே சிவந்து, சுட்டு, பை மூட்டையாகியிருந்தது. கண் டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே விளக்கினார். பை என்பது உள்ளிருந்து பிதுங்கும் கொழுப்பு, ஊசி உருட்டினால் அது கரையாது. அந்த இடத்துத் தோலோ வெங்காயச் சருகு மாதிரி. சீழ் உள்ளே பரவியிருந்தால் பார்வைக்கே ஆபத்து. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாதாடத் தெம்பில்லை.

உருளையைத் தூக்கிப்போடலாம் என்று வீட்டில் தேடினால் காணோம். கல்லூரி போகும் மகளின் மேசையில் இருந்தது. மகளுக்கும் அதே கண்கள்.

"உருட்டினியா?"

"இன்னும் இல்ல. உனக்கு இருக்கிற மாதிரியே எனக்கும் வருதும்மா."

தன் கண் மூடிக்கிடந்தபோதுகூட அக்கா இப்படிப் பயப்படவில்லை. சக்கரத்தை முறித்து, துணியில் சுற்றிக் குப்பையில் போட்டார்.

படித்தால் தலைவலிக்கிறது என்று மகள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளைக் கடைக்கு வரச் சொன்னார். கண் பரிசோதனை முடிந்து வந்தவள், நேராகப் போய்த் தடித்த கறுப்பு ஃபிரேமை எடுத்து மாட்டிக்கொண்டாள். கல்லாவிலிருந்த முதலாளி, நல்ல பொருத்தம் என்றார்; அப்படியே, ஃபிரேமா மெஷினா, அக்கா என்ன முடிவு செய்திருக்கிறார் என்றும் கேட்டுவைத்தார்.

வீக்கம் வடியாத கண்ணோடு அக்கா ஓரடி பின்வாங்கிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கறுப்பு ஃபிரேமைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, விளிம்பே இல்லாத ஒன்றை எடுத்து மகளின் மூக்கில் ஏற்றினார். பிறகு மேசைமேல் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பி, குனிந்து, அவள் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தையும் கொண்டுவந்து, முதலாளிக்கும் கேட்கிற மாதிரி "ம்" என்றார்.