நான்காவது திருகல்

மே மாதக் கடைசி சனிக்கிழமை, தொக்தோசுன் குதிரைகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு புறப்பட்டான். கூடாரச் சட்டங்களை ஏற்றிய லாரியின் மேல் மகள் ஜில்தீஸ் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக அவன் மனைவி உரும்கான் அந்த லாரியில் இல்லை. ஊன்றுகோல்களோடு வாசலில் நின்றாள். இடது முழங்காலுக்குக் கீழே கூண்டு போல நான்கு இரும்பு வளையங்கள். அவற்றிலிருந்து கம்பிகள் எலும்பைத் துளைத்து மறுபக்கம் போயின.

"கூண்டோட எங்கயும் பறந்துடாதே, எசமானி," என்றான் தொக்தோசுன்.

"நீ முதல்ல அந்தச் சாம்பல் குதிரைகிட்ட உதை வாங்காம திரும்பி வாய்யா."

சிரித்தான். தெருமுனை திரும்பும்வரை தூசி தெரிந்தது. நாயும் அவர்களோடு போய்விட்டது.

பிப்ரவரியில் பனிக்கட்டியில் வழுக்கிய குதிரை அவள் காலின் மேல் விழுந்திருந்தது. நரின் நகர ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜிபார், செத்துப்போன எலும்பை நான்கு சென்டிமீட்டர் நீக்கினார். பிறகு அதற்கு மேலே இருந்த நல்ல எலும்பைக் குறுக்கே வெட்டி, அந்தத் துண்டை வளையத்தோடு சேர்த்துக் கட்டினார். திருகாணியைத் திருகினால் துண்டு மெல்ல இறங்கும். பின்னால் விடும் இடைவெளியில் புது எலும்பு முளைக்கும்.

"ஒரு நாளைக்கு நாலு தடவை: காலை எட்டு, பன்னெண்டு, நாலு, ராத்திரி எட்டு. ஒவ்வொரு தடவையும் கால்வாசிச் சுத்து. மொத்தம் ஒரு மில்லிமீட்டர். ஒழுங்கா வளர்ந்தா பனி விழறதுக்குள்ள கூண்டைக் கழட்டிடலாம்."

"அடுத்த வருஷம் பால் கறக்கலாமா, டாக்டரம்மா?"

"முழங்கால் மடங்கினா கறக்கலாம்."

குதிரைப்பால் கறக்க ஒரு காலில் மண்டியிட்டு, மறுகாலை மடக்கி நிறுத்தி அதன்மேல் வாளியை வைக்க வேண்டும். கால் மடங்காதவளுக்கு மலையில் என்ன வேலை?

ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. உரும்கான் பழக்கத்தில் மூன்று கிண்ணத்தில் தேநீர் ஊற்றிவிட்டு, இரண்டைத் திரும்பப் பானையில் கொட்டினாள். மலைமேல் தொலைபேசி எடுக்காது. கடிகாரத்தைப் பார்ப்பாள்: இந்நேரம் குட்டியை அவிழ்த்து விட்டிருப்பார்கள், இந்நேரம் இரண்டாம் கறவை. மலையில் இரண்டு மணிக்கொருமுறை, நாளுக்கு ஆறு தடவை கறப்பது அவள் வழக்கம். மூன்றாம் நாள், இரண்டாம் கறவை வேளையில் ஸ்பேனரை எடுத்துத் திருகினாள். வலித்தது. ஆனால் தனியாக இருப்பது போலில்லை. அன்றிலிருந்து தினமும் ஆறு. அடிக்கடி கறந்தால்தான் குதிரைக்குப் பால் ஊறும். எலும்பும் அப்படித்தான் ஊறும் என்று நினைத்தாள்.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடைவெளியில் புகை மாதிரிகூட ஒன்றுமில்லை.

"எத்தனை தடவை திருகினீங்க அக்கா?"

"ஆறு."

"யார் சொன்னது ஆறு?"

"கறக்குற நேரத்துக்குத் திருகினேன்."

டாக்டர் படத்தை மேசையில் போட்டார். "அக்கா, இது மடி இல்ல, எலும்பு! நீங்க இழுத்த வேகத்துக்கு அதால முளைக்க முடியல. திரும்பச் சேர்த்து வெச்சுக் காத்திருந்து, முதல்லேர்ந்து இழுக்கணும். கூண்டு வசந்தம் வரைக்கும் இருக்கும்."

"அப்ப முழங்கால்?"

"இப்ப கேக்குறீங்களே!" சொன்ன பிறகு குரல் தணிந்தது. "தினம் மடக்கி நீட்டுங்க. நாலு தடவைன்னா நாலுதான்."

ஜூலைக் கடைசியில் மறுபடி தொடங்கினாள். எட்டு, பன்னிரண்டு, நாலு, எட்டு. இப்போது கடிகாரம் வெறும் கடிகாரம். மலையை நினைக்காமல் திருகினாள். அதுதான் அதிகம் வலித்தது. ஆகஸ்ட் கடைசியில் எடுத்த படத்தில் மெல்லிய வெள்ளை இழைகள் தெரிந்தன.

செப்டம்பர் நான்காம் தேதி இரவு தொலைபேசி ஒலித்தது. குதிரைகள் கணவாய்க்கு இறங்கியிருக்க வேண்டும், அங்கேதான் செல்போன் கோபுரம். வந்தது ஒரு குரல் பதிவு, தேதி ஜூன் இரண்டு. சிக்னல் இல்லாமல் மூன்று மாதம் தொக்தோசுன் பையில் போனிலேயே கிடந்திருக்கிறது.

"எசமானி, கேக்குதா? சாம்பல் குதிரை யாரையும் கிட்ட விடமாட்டேங்குது. ஜில்தீஸை உதைச்சிடுச்சு, பயப்படாதே, வாளிதான் நசுங்குச்சு. நீ இல்லாம எங்களால முடியல. ஆறெல்லாம் இல்ல, நாலு தடவைதான் கறக்குறோம். காலை எட்டு, பன்னெண்டு, நாலு, ராத்திரி எட்டு. நீ திருகுற நேரம்தான். அப்படியாவது…"

அதற்குமேல் காற்றுச் சத்தம்.

உரும்கான் இன்னொருமுறை கேட்டாள். மணி எட்டாகியிருந்தது. ஸ்பேனரை எடுத்தாள்.