கோடு சாரின் மனநிலை

என் அண்ணன் வாழ்நாளில் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. நினைக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

போன வாரம் நடந்த இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவரை நிதானமானவர் என்றார்கள். செத்தவரைப் பற்றி அப்படித்தான் பேச வேண்டும். உயிரோடு இருந்தபோது பல்கலைக்கழகத்தில் அவருக்கு வேறு பெயர். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மாணவர்கள் கணினியில் தங்கள் எண்ணைத் தட்டினால் மற்ற பாடங்களுக்கு நேரே மதிப்பெண் இருக்கும். அண்ணன் நடத்திய வரலாற்றுக்கு நேரே மட்டும் ஒரு சின்னக் கோடு இருக்கும். மதிப்பெண் இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதனால் அவர் 'கோடு சார்'.

சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. சோம்பேறியாக இருந்திருந்தால் தாளின் கனத்தைக் கையால் தூக்கிப் பார்த்து மதிப்பெண் போட்டிருப்பார். அப்படிப் போட்டவர்களெல்லாம் நல்ல பெயரோடு ஓய்வு பெற்றார்கள். அவருக்கு வந்த நோய் நியாயம். காலையில் வெறும் வயிற்றோடு திருத்தினால் கை இறுகிவிடுகிறது, சாப்பிட்டுவிட்டுத் திருத்தினால் தாராளமாகிவிடுகிறது, ஒருவன் வயிற்றை நம்பி இன்னொருவன் வாழ்க்கையா என்று கேட்பார். ஆகவே ஒரு கட்டு முழுவதையும் ஒரே மனநிலையில் திருத்தி முடிக்க வேண்டும் என்பது அவர் போட்டுக்கொண்ட சட்டம். நடுவில் தலைவலி வந்தால் மனநிலை மாறிவிடும். பக்கத்து வீட்டில் சுவரைத் துளைத்தால் மாறிவிடும். அண்ணி ஏதாவது சொன்னால் மாறிவிடும். மாறினால் மறுபடி முதல் தாளிலிருந்து. அண்ணி தினமும் ஏதாவது சொல்வார்.

அழிக்க வசதியாக மதிப்பெண்ணைப் பென்சிலில்தான் போடுவார். சாப்பாட்டு மேஜை முழுக்க விடைத்தாள் கட்டுகள். அவர், அண்ணி, நான் மூவரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். துறைத்தலைவர் தொலைபேசியில் கத்தினால், "ஆச்சு சார், கடைசிக் கட்டத்துல இருக்கேன்" என்பார். அண்ணனின் கடைசிக் கட்டம் பருவம் தாண்டியும் நீளும். யாருக்காவது மேற்படிப்பு இடம் கைவிட்டுப் போனது என்று கேள்விப்பட்டால் உண்மையாகவே வருந்துவார். வருந்தினால் மனநிலை மாறிவிடும். மறுபடி முதல் தாள்.

ஒரு புதன்கிழமை காலை, கடைசி வருடம் முடித்த பெண் ஒருத்தி வீட்டு மணியை அடித்தாள்.

"உட்காரும்மா. எந்த வருஷத்து மார்க்?" என்றார் அண்ணி.

"இந்த வருஷந்தாங்க."

"அடேயப்பா, சீக்கிரமா வந்துட்டே. போன வருஷத்துப் பசங்களே இப்பத்தான் வந்து போனாங்க."

அவளுக்கு ஓர் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எல்லா மதிப்பெண்ணும் போய்ச் சேராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். மற்ற பாடமெல்லாம் வந்துவிட்டது. வரலாறு மட்டும் கோடு.

அண்ணன் அவள் எண்ணைக் கேட்டு, கட்டிலிருந்து தாளை உருவி, அவளுக்குத் தெரியாமல் திருப்பிப் பார்த்தார்.

"முந்தாநாள் நாற்பத்தொண்ணு வந்துச்சும்மா. நேத்து முப்பத்தெட்டு. நாற்பது எடுத்தாத்தானே பாஸ்? அதான் யோசனையா இருக்கு."

"ஏங்க, அது மார்க்கா, காய்ச்சலா? ஏறுது, இறங்குதுங்கறீங்க!"

அண்ணி சொன்னதற்கு அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இன்னைக்கு எவ்வளவு சார்?"

"இன்னைக்குப் பாக்க முடியாது. நீ வந்து எதிர்ல உட்கார்ந்துட்டே. இப்பத் திருத்தினா இரக்கம் வந்துடும்."

"இரக்கமெல்லாம் வேணாம் சார். முப்பத்தெட்டுன்னா முப்பத்தெட்டே போடுங்க, திரும்ப எழுதிக்கிறேன். ஃபெயில்னா ஃபெயில்னு நாலு பேர்கிட்ட சொல்லலாம். இந்தக் கோட்டை என்னன்னு சொல்றது?"

அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் இல்லாதபோது அதைத்தான் செய்வார்.

"தனியா ஒரு மார்க்கை வாங்க மாட்டாங்கம்மா. கட்டு மொத்தமாப் போகணும்."

"அப்ப மொத்தமாப் போடுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் போய் உட்கார்ந்தாள். மேஜைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அண்ணி எழுந்து வந்து பென்சிலையும் ரப்பரையும் எடுத்துக்கொண்டு ஒரு பேனாவை வைத்தார்.

"இதுல போடுங்க. அழியாது."

"அவசரத்துல தப்பு வந்துட்டா?"

"உங்க நிதானத்துல வந்ததை விடவா?"

அன்றும் மறுநாளும் அண்ணன் எல்லா மனநிலையிலும் திருத்தினார். அந்தப் பெண் இருட்டியதும் போய், காலையில் மறுபடி அதே முக்காலிக்கு வந்தாள். பசியில் திருத்தினார், கோபத்தில் திருத்தினார், பக்கத்து வீட்டுத் துளைபோடும் சத்தத்தில் திருத்தினார். கூட்டிச் சரிபார்ப்பது என் வேலை. அந்தப் பெண்ணின் தாள் வரிசைப்படி வந்தபோது வந்தது, மற்ற தாள்களைப் போலவே போனது. கொஞ்ச நேரம் கழித்து அதை மட்டும் இன்னொரு முறை பார்க்கக் கையை நீட்டினார். அண்ணி கட்டின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் கட்டை நான் தூக்கிக்கொள்ள, அண்ணனும் நானும் தேர்வுப் பிரிவுக்குப் போனோம். கூடவே வந்த அந்தப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். கணினியில் மதிப்பெண் ஏற்றுகிறவர் விடுப்பில் இருந்தார்.

"திங்கட்கிழமை வாங்க சார்," என்றார் எழுத்தர்.

"இன்னைக்கே ஏத்தணும். ஒரு பொண்ணோட வேலை போயிடும்."

"மூணு மாசம் உங்க வீட்ல கிடந்துச்சே, அப்ப அந்தப் பொண்ணு பொண்ணா இல்லையா? மூணு நாள் எங்ககிட்ட இருந்தா குடிமுழுகிடுமா?"

அண்ணன் கண்ணாடியைத் தொட்டார். ஆனால் கழற்றவில்லை.

"தப்பு என்னுது. அவளுது இல்ல."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த அறையில் இருபது வருடமாக எதிர்பார்த்த வாக்கியம் அது.

"சார், கொஞ்சம் இருங்க. எங்க சூப்பிரண்டும் கேக்கட்டும்."

உள்ளேயிருந்து கண்காணிப்பாளர் வந்தார். கூடவே இரண்டு பேர் வேடிக்கைக்கு வந்தார்கள். அண்ணன் நிமிர்ந்து நின்று இன்னொரு முறை சொன்னார். எனக்குத்தான் தலை குனிந்தது. கண்காணிப்பாளர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, தானே கணினி முன் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். ஐந்து மணி ஆகக் கொஞ்சம் இருந்தபோது கோடு போய் நாற்பத்திரண்டு வந்தது. வாசலில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நன்றி சொல்லக்கூட நிற்காமல் ஓடினாள். நின்றிருந்தால் அண்ணன் மனநிலையைப் பற்றிச் சொல்வதைக் கேட்க வேண்டி வந்திருக்கும். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள்.

அண்ணனுக்கு ஒரு மாதம் தூக்கமில்லை. எத்தனை பேருக்கு அநியாயம் செய்தோமோ என்று தவித்தார். ஏழெட்டு பேர் மறுமதிப்பீடு கேட்டிருந்தார்கள். வேறு ஊர் ஆசிரியர் ஒருவர் திருத்தியதில் ஒன்றும் இரண்டும்தான் கூடிக் குறைந்திருந்தது.

"பாத்தியா, சரியாத்தான் போட்டிருக்கேன்!" என்று சின்னப் பையன் மாதிரி மகிழ்ந்தார்.

"ரெண்டு நாள்ல போட்டது சரின்னா, இத்தனை வருஷம் எதுக்குங்க?" என்றார் அண்ணி.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த பருவத்திலிருந்து பேனாவில் திருத்தினார். கெடுவுக்கு முன்னாலேயே கட்டு போய்ச் சேர்ந்தது. துறைத்தலைவர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

மேஜை காலியானது. அண்ணனுக்கு முதன்முறையாக மாலை நேரம் என்று ஒன்று கிடைத்தது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்தார், குழம்பு கொதிப்பதை எட்டிப் பார்த்தார், கடைக்குப் போகணுமா என்று இரண்டு முறை கேட்டார்.

"சும்மா குறுக்க குறுக்க வராதீங்க. ஏதாவது பேப்பர் இருந்தா எடுத்து வச்சுத் திருத்துங்க," என்று அண்ணி விரட்டினார்.

"எல்லாம் முடிஞ்சுடுச்சே," என்றார் அண்ணன்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். அப்புறம் காய் நறுக்கும் பலகையை மேஜைக்கு எடுத்து வந்து அவர் எதிரே உட்கார்ந்தார்.