கும்பிட்டதும் அடங்கிய ரேடியோ

இன்று மத்தியானம் என் கம்ப்யூட்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்.

சிங்காநல்லூரில் என் பட்டறைக்கு அவிநாசி மைக் செட் சுப்பண்ணன் வந்திருந்தார். வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்கு அவருக்கு வயரில்லாத மைக் வேண்டும். அதற்கான சோதனை போர்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தேன். திரையில் அலைவரிசை எண்ணைத் தட்டினால் போர்டு அந்த எண்ணில் ஒலிபரப்பும்; அதே எண்ணில் திருப்பிப் பக்கத்தில் வைத்திருந்த ரேடியோவின் இரைச்சல் அடங்கும். அடங்கினால் ஆர்டர் எனக்கு.

தட்டினேன். இரைந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன், ஃபேனை நிறுத்தினேன், கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். இரைந்துகொண்டே இருந்தது.

"ஏனுங்க, கம்ப்யூட்டரு சொன்னா போர்டு கேக்கும்னீங்களே?"

"கேக்குமுங்க. கொஞ்சம் யோசிக்குது."

"எங்கூட்டுக்காரியும் இப்படித்தானுங்க, நாள் முச்சூடும் யோசிப்பா."

அப்போதுதான் கும்பிட்டேன். கண்ணைத் திறந்து மறுபடி தட்டினேன். ரேடியோ கப்சிப்.

"அடங்கிப்போச்சுங்க!" என்று சுப்பண்ணன் குதித்தார்.

"மைக்கில பேசிப் பாத்துடலாமுங்க."

"பஸ்ஸு போயிருமுங்க. மிச்சத்தக் கல்யாணத்துல பேசிக்கறேன்." ஆர்டர் எனக்கே என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நண்பர்களே, கம்ப்யூட்டருக்கு எந்தச் சாமி என்று தெரிந்தவர்கள் பதில் ஈமெயில் போடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் தேவைப்படுகிறது.

சாயங்காலம் செய்தி கேட்க அதே ரேடியோவைத் திருகினேன். பேட்டரிக் கட்டை தீர்ந்திருந்தது.