அக்கா சொல்லாத பெயர்

என்னைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. பின்னேரங்களில் வேலியடியில் நின்று அவள் என் பெயரைக் கூப்பிட்டால் வயலின் அந்தத் தொங்கல் வரை கேட்கும். இழுத்து, கடைசியில் கொஞ்சம் உயர்த்திக் கூப்பிடுவாள். வேறு யாரும் கூப்பிட்டால் எனக்கு அது என் பெயர் மாதிரியே இருக்காது.

அடம்பன் ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பேசினார்கள். சாத்திரியார் பொருத்தமெல்லாம் பார்த்தார். மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரே பெயர் என்று வீட்டில் சிரித்தார்களே தவிர, அதனால் என்ன வரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் கட்டினவரின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். தாலி ஏறிய அன்றோடு என் பெயரும் போய்விட்டது.

"அத்தான்ர பேரைத்தானே சொல்லக்கூடாது. இது என்ர பேர்" என்று சண்டை பிடித்தேன்.

"ரெண்டும் ஒண்டுதானேயடா" என்றாள்.

அதன்பின் நான் வெறும் தம்பி. அத்தான் தங்கமான மனுசன். ஆனாலும் அவரைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் எரியும். போருக்குத் தப்பி இடம்பெயர்ந்து போன நாளில் சனத்துக்குள் என்னைத் தவறவிட்டபோதுகூட அக்கா "தம்பி, தம்பி" என்றுதான் கத்தினாள். தெருவில் நின்ற தம்பிமார் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தானுக்கு அர்ச்சனை செய்யப் போகும்போது மட்டும் நான் கட்டாயம் வேண்டும். ஐயர் பெயர் கேட்டால் என் தோளில் இடித்து, "இவன்ர பேர்தான் ஐயா" என்பாள். நான் உரத்துச் சொல்வேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த முகத்தைப் பார்க்கவே நானும் அலுக்காமல் போய்வந்தேன்.

போன மாரியில் அத்தான் போய்விட்டார். அந்தியேட்டிக் கிரியை முடிந்து சொந்தக்காரர் எல்லாரும் போனபின், அக்காவுக்குத் துணையாக நான் நின்றுகொண்டேன். ஒரு பின்னேரம் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தபோது, வேலியடியில் நின்று வயலைப் பார்த்து அவள் கூப்பிட்டாள். என் பெயர். அதே இழுவை, கடைசியில் அதே உயர்வு. கையிலிருந்த வைக்கோலோடு ஓடினேன்.

"ஓம் அக்கா, வாறன்."

அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"உன்னை இல்லையடா" என்றாள்.

"தெரியும்" என்றேன். ஆனாலும் இன்னொருதரம் கூப்பிடுவாளோ என்று அவளுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.