அண்ணை ஆடிய பாதி

டாங்கோவின் நடுவில் அண்ணை என் காதருகே குனிந்து, "அம்மா இண்டைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் காதல் என்று நினைத்துக் கைதட்டினார்கள். நடுவர்களும் அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே புள்ளி போட்டார்கள். அண்ணனும் தங்கையும் காதல் நடனம் ஆடுவதென்றால் வேறு எப்படித்தான் ஆடுவது? கண்ணுக்குக் கண் பார்க்க இருவருக்கும் கூச்சம். நான் அவருடைய புருவத்தைப் பார்ப்பேன், அவர் என் தோட்டைப் பார்ப்பார்.

ஐஸ் டான்சிங் என்பது பனித்தளத்தில் ஸ்கேட்ஸ் கட்டிக்கொண்டு ஜோடியாக மட்டுமே ஆடக்கூடிய ஆட்டம். பயிற்சியாளர் எனக்கொரு வெள்ளைக்காரப் பையனை ஜோடியாகக் கண்டுபிடித்தபோது அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "பொடியன்ர கையைப் பிடிச்சுத்தான் ஆடவேணுமெண்டா அண்ணையோட ஆடு. இல்லாட்டி ஆடவே வேண்டாம்." அண்ணையை யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் நாங்கள் குடியிருந்த ஃபாரஸ்ட் கேட் பக்கத்துப் பொடியன்களோடு பந்தடித்துக்கொண்டிருந்தவர், பந்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வாடகை ஸ்கேட்ஸைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க விழுந்தார். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தார். அடுத்த குளிர்காலத்தில், விழப்போகும்போதெல்லாம் நான்தான் அவர்மேல் சாய்ந்துகொண்டேன்.

பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் முடித்த கையோடு அப்பா எங்களைப் பனித்தளத்தில் இறக்கிவிடுவார். பயிற்சி முடிந்ததும் பள்ளிக்கூடம். இப்படியே வளர்ந்தோம். சிறுவர் போட்டிகள், பிறகு பெரியவர்களுக்கானவை, பிறகு வெளிநாடுகள். ஆர்ச்வே முருகன் கோயிலில் ஒரு மாமி அம்மாவிடம், "வழுக்கி விழுறதுக்கும் பரிசு குடுக்கினமோ?" என்று கேட்டார். "விழாமல் இருக்கிறதுக்குக் குடுக்கினம்" என்றார் அம்மா. அதற்குள் அவருக்கும் பதக்க ஆசை பிடித்துவிட்டது.

எங்களால் இதற்குமேல் போக முடியாது என்று ஒருநாள் பயிற்சியாளர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். ஐரோப்பாவில் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் ஜோடி இல்லாமல் இருக்கிறான், அவனோடு ஆடினால் நான் மேலே போவேன் என்றார். வீட்டுக்கு வந்ததும் அண்ணை நேரே அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் போனார். "அம்மா, எனக்கு இவ்வளவு காணும். அவளை மறிக்காதேங்கோ." வெளியே வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்து, "அப்பாடா, தப்பினன்" என்றார். முகத்தில் அவ்வளவு சிரிப்பு. நானும் நம்பினேன்.

புதிய ஜோடியோடு நான் ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போனேன், உலகப் போட்டிக்கும் போனேன். இடுப்பு ஒத்துழைக்காமல் போனபோது ஓய்வு பெற்றேன். இப்போது குரோய்டன் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அண்ணை எலக்ட்ரீஷியன் ஆனார், கலியாணம் முடித்தார், ஃபாரஸ்ட் கேட்டை விட்டு அசையவில்லை. இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில் அவருக்கு இதயம் நின்றுபோனது.

நான் அழவில்லை. மலர் வளையத்துக்குச் சொன்னேன், ஐயரோடு பேசினேன், மறுநாளே வகுப்புக்கும் போனேன். திடமான பிள்ளை என்றார்கள். திடமும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளே எதுவும் அசையவில்லை, அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை அன்று மண்டபத்தில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அண்ணி பேசத் தொடங்கினார்.

"கலியாணம் முடிச்ச புதுசில விடியவெள்ளன வெளிக்கிட்டுப் போவார், மச்சாள். வேற ஆரையோ பாக்கப் போறாரெண்டு நினைச்சு ஒருநாள் பின்னால போனன். ஐஸில தனிய ஆடிக்கொண்டிருந்தார். ரெண்டு கையும் ஆரையோ பிடிச்ச மாதிரி. ஆள் இல்லை. இந்தக் கிறிஸ்மஸ் வரைக்கும் போனவர். உங்களுக்குத் தெரியுமெண்டுதான் நினைச்சன்."

எனக்குத் தெரியாது என்றேன்.

"நல்லாத்தான் ஆடுவார். ஒரு மூலையில மட்டும் திரும்பிறதுக்கு முதல் கொஞ்சம் நிப்பார். எப்பவும் அதே இடம். அந்த இடம் அவருக்குச் சரியா வாறேல்லைப் போல."

அது நாங்கள் சேர்ந்து ஆடிய வால்ட்ஸ் நடனம். அந்த மூலையில் பிந்துகிறவள் நான். அண்ணை அங்கே தன் வேகத்தைக் குறைத்து, நான் வந்து சேர்ந்த பிறகே திரும்புவார். புதிய ஜோடி அப்படியெல்லாம் காத்திருக்கவில்லை, வந்த முதல் வாரமே என்னைத் திருத்திவிட்டான். அதற்குப் பிறகு நான் எங்கேயும் பிந்தவில்லை. அண்ணை அதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தவர், பார்த்துவிட்டுப் போன் எடுத்து வாழ்த்தியவர்.

"இல்லை அண்ணி, அவருக்கு அது சரியாத்தான் வரும்" என்றேன். "நான் வந்து சேரட்டுமெண்டுதான் நிண்டிருக்கிறார்."

அண்ணி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினார். நான் எழும்பி அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை இன்னும் வரவில்லை.