மோட்டார் ஓடாத காலைகள்

மதுரையில் கடல் இல்லை. அதனால், கப்பலூர்ப் பட்டறையில் நாங்கள் செய்த நீரடி ரோபோவைச் சோதிக்க அலங்காநல்லூர் பக்கம் இருந்த என் சித்தப்பாவின் கிணற்றைக் கேட்டு வாங்கினேன். தண்ணீருக்குள் கப்பலின் அடிப்பாகத்தைச் சுற்றி வந்து அது படம் எடுக்கும். துரு எது, ஒட்டிய சிப்பி எது, பெயின்ட் உரிந்த இடம் எது என்று கணினி பிரித்துச் சொல்ல வேண்டும். அந்தக் கணினி நிரல் என் பொறுப்பு.

துருப்பிடித்த தகட்டில் சிப்பிகளை ஒட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிட்டோம். முதல் நாள் திரை முழுக்கப் பழுப்பு. மோட்டார் ஓடியதில் அடிச்சேறு கிளம்பியிருந்தது. அது அடங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

"சித்தப்பா, ஒரு வாரம் மட்டும் மோட்டாரை நிப்பாட்ட முடியுமா?"

மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் அங்கே காலையில் சில மணி நேரம்தான் வரும். நெல் பால் பிடிக்கும் சமயம். அப்போது காய்ந்தால் பதராகிவிடும். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

அவர் வயலை ஒருமுறை பார்த்தார். "அண்ணன் மக கப்பல் விடப் போறா, மாட்டேன்னா சொல்லப் போறேன்? பாத்துக்குவோம் தாயி."

"கப்பலுக்கு அம்புட்டு அவசரம், நெல்லுக்கு இல்லையாக்கும்" என்று சித்தி தூக்குவாளியை டங்கென்று வைத்துவிட்டுப் போனார்.

தெளிந்த தண்ணீரில் படங்கள் அருமையாக வந்தன. பட்டறையில் கைதட்டினார்கள். பிறகு தூத்துக்குடியில், நிஜக் கப்பலின் பக்கத்தில் ரோபோவை இறக்கினோம். அங்கே தண்ணீர் கலங்கல். தெளிந்த படங்களிலேயே பழகிய என் நிரல் நிழலைத் துரு என்றது. சிப்பிகள் அதன் கண்ணில் படவே இல்லை.

திரும்பும் பேருந்தில், வழக்கம்போலக் காரணங்களை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். விளக்கு, கேமரா, வேகம். அவற்றுக்கெல்லாம் முன்னால் வர வேண்டிய காரணத்தைக் கடைசியில்தான் ஒப்புக்கொண்டேன். எனக்குத் தேவைப்பட்டதே மோட்டார் ஓடிக் கலங்கிய அந்தத் தண்ணீர்தான்.

அறுப்பு முடிந்ததும் மறுபடி கிணறு கேட்கப் போனேன். சித்தப்பா களத்தில் சுளகால் தூற்றிக்கொண்டிருந்தார். நெல்லைவிடப் பதர்தான் உயரமாகக் குவிந்திருந்தது.

"இந்தத் தடவை மோட்டார் ஓடட்டும் சித்தப்பா. கலங்குனாத்தான் நல்லது. அப்பவும் ஓடியிருக்கலாம்."

சுளகு நின்றது. "அப்பவும்னா?"

"நிப்பாட்டச் சொல்லியிருக்கவே வேண்டாம். நான்தான் தப்பா நெனச்சுட்டேன்."

அவர் முழங்கையில் ஒட்டியிருந்த பதரைத் தட்டிவிட்டார்.

"சித்திகிட்ட இதைச் சொல்லிறாத" என்றார். "எப்ப வாரீக?"

அன்று சித்தி பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் வை என்று கேட்கவும் செய்தேன், அவருக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று.