குதிரைப் பந்தயத்துக்கு ஒரு டாக்டர்

அமெரிக்காவில் டாக்டர் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வதற்குள் ஷ்யாமளாவுக்கு நாற்பது வயதாகிவிட்டது. செங்கல்பட்டில் எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு பத்ரியைக் கல்யாணம் செய்துகொண்டு டெக்சஸ் வந்தவள். பத்ரிக்கு ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனி ஒன்றில் வேலை. வந்ததும் இங்குள்ள தேர்வுகளுக்குப் படிக்க ஆரம்பித்தாள். நடுவில் ஸ்ம்ருதி பிறந்தாள். குழந்தையை டேகேரில் விட்டுவிட்டு, பார்க்கிங் லாட்டில் காருக்குள்ளேயே உட்கார்ந்து படித்தாள். ஒருவழியாகப் பயிற்சிக்கு இடம் கிடைத்து, அதையும் முடித்தபோதுதான் விசாவின் கடைசி முடிச்சு வந்தது. அந்த விசாவில் பயிற்சி எடுத்தவர்கள் இரண்டு வருடம் இந்தியாவுக்குத் திரும்பிப் போக வேண்டும். இல்லையென்றால் டாக்டர் வர மறுக்கும் ஊர் ஏதாவது ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்து அந்த நிபந்தனைக்கு வெய்வர், அதாவது விலக்கு, வாங்க வேண்டும். நடுவில் விட்டால் எல்லாம் போச்சு.

அவளுக்குக் கிடைத்த ஊர் அல்டமேசா. டெக்சஸின் மேற்குக் கோடியில், மலை மேல், ஆப்பிளும் மிளகாயும் குதிரைமசால் தீவனமும் பயிரிடும் ஊர். ரிச்சர்ட்சனிலிருந்து காலையில் கிளம்பினால் பொழுது சாயும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர முடியும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் மலையை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஸ்ம்ருதியின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம் என்று பத்ரியும் மகளும் ரிச்சர்ட்சனிலேயே இருந்துவிட, ஷ்யாமளா மட்டும் கிளினிக்குக்குப் பின்னால் இருந்த சிறிய வீட்டுக்குக் குடிபோனாள். மாதத்துக்கு ஒரு முறை அவள் போவாள், அல்லது அவர்கள் வருவார்கள்.

ஊரில் எல்லோரும் பல தலைமுறைக்கு முன் மெக்சிகோவிலிருந்து வந்த விவசாயக் குடும்பங்கள். முதலில் அவர்கள் அவளிடம் அதிகம் பேசவில்லை. முன்பு வந்த டாக்டர்களெல்லாம் கெடு முடிந்த அன்றே பெட்டியைக் கட்டியவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பேசியவள் பக்கத்துத் தோட்டத்து லூப்பே. ஷ்யாமளாவின் வயதுதான் இருக்கும். புருஷன் டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போனான். ஒரே மகன் ரஃபாவை வைத்துக்கொண்டு மிளகாய்த் தோட்டத்தை நடத்திக்கொண்டிருந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. முதல் தடவை கிளினிக்குக்கு வந்தபோது ஒரு கூடை பச்சை மிளகாயும் கொண்டு வந்தாள்.

அவ்வளவு மிளகாயை என்ன செய்வது என்று தெரியாமல் ஷ்யாமளா அதை மோரில் ஊறவைத்துக் காயப்போட்டாள். அந்த மலைக் காற்றுக்கு நாலைந்து நாளில் சருகாகக் காய்ந்துவிட்டது. வறுத்து லூப்பேவிடம் கொடுத்தாள். லூப்பே ஒன்றைக் கடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். லூப்பேவின் அரைகுறை ஆங்கிலமும் ஷ்யாமளா கிளினிக்கில் கற்றுக்கொண்ட ஸ்பானிஷும் போதுமானதாக இருந்தன. அந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில், பத்ரியின் ஆபீஸ் நண்பர்களின் மனைவிகளைத் தவிர அவளுக்கென்று கிடைத்த சிநேகிதி அவள் ஒருத்திதான்.

ஜூன் மாதம் புனித ஹுவான் திருநாளன்று அல்டமேசாவில் குதிரைப் பந்தயம். காலையில் தேவாலய வாசலில் பாதிரியார் குதிரைகள்மேல் தீர்த்தம் தெளிப்பார். பிறகு தெரு முழுக்க ஒருவர்மேல் ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தத் திருநாளுக்குள் மழை தொடங்கிவிட வேண்டும் என்பது அவர்கள் வேண்டுதல். பந்தயம் நடப்பது இரண்டு ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே போகும் நேரான மண் சாலையில். ஒரு நேரத்தில் இரண்டு குதிரைகள் மட்டுமே ஓடும். சேணம் கிடையாது. வயலில் வேலை செய்யும் குதிரைகளை வீட்டுப் பிள்ளைகளே ஓட்டுவார்கள். தலைக்கவசம் போடச் சொன்னால் சிரிப்பார்கள். முதல் வருடம் ஷ்யாமளாவை பந்தயம் முடியும் எல்லைக் கோட்டருகே முதலுதவிப் பெட்டியோடு நிற்கச் சொன்னார்கள். ஒருவன் மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். அவள் கட்டுப் போட்டாள். அதோடு சரி. அன்றிலிருந்து ஊர் அவளை வேற்றாளாகப் பார்க்கவில்லை.

இரண்டாம் வருடம் பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்னால் ரஃபா தனியாகக் கிளினிக்குக்கு வந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. பந்தயத்துக்குப் பழகும்போது குதிரையிலிருந்து விழுந்து தலை அடிபட்டிருந்தது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, தலைவலி நிற்கவில்லை என்றான். மூளை அதிர்ந்திருக்கிறது என்று ஷ்யாமளாவுக்குப் பார்த்தவுடனே புரிந்தது. ஸ்கேன் எடுக்க அனுப்பினாள். ரத்தக் கசிவு எதுவும் இல்லை. ஆனால் முழுக்கக் குணமாவதற்குள் மறுபடியும் சின்னதாக ஓர் அடி பட்டாலும் உயிர் போகலாம், குதிரை பக்கமே போகாதே என்றாள். அவன் தலையை ஆட்டினான். போகும்போது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அப்பா போனதிலிருந்து சின்னக் காயத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தூக்கம் போய்விடுகிறது என்றான். பதினெட்டு வயது தாண்டியவனின் உடம்பைப் பற்றி அவன் சம்மதமில்லாமல் வாய் திறக்க டாக்டருக்கு உரிமை இல்லை. ஷ்யாமளா சரி என்றாள்.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் மறுபடியும் வந்தான். தலைவலி போய்விட்டதாம். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். சாய்ந்தான். இன்னொரு முறை நிற்கச் சொன்னாள். மறுபடியும் சாய்ந்தான். இந்த வருடம் ஓட்ட முடியாது என்று சொன்னாள். தன் குதிரை கனேலாவை வெல்ல இந்த மலையில் வேறு குதிரை இல்லை, அடுத்த வருடம் அதற்கு வயதாகிவிடும் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலச் சொன்னான். அவள் திரும்பவும் முடியாது என்றாள். அவன் எழுந்து போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அவள் பத்ரிக்கு போன் செய்தாள்.

"லூப்பேகிட்ட சொல்லிடலாமான்னு இருக்கு."

"ஷ்யாமு, ப்ளீஸ். அவன் அடல்ட். கம்ப்ளைன்ட் பண்ணான்னா லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் போனா வெய்வரும் போச்சு. இன்னும் ஒரு வருஷம்தானே இருக்கு?"

"உயிருக்கு ஆபத்துன்னா சொல்லலாம்னு ரூல்ல இருக்கு பத்ரி."

"கண்டிப்பா ஆபத்துன்னு ப்ரூவ் பண்ண முடியுமா உன்னால? நீ அவன வார்ன் பண்ணிட்ட. உன் டூட்டி முடிஞ்சது."

அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை லூப்பே வழக்கம்போல வந்தாள். ரஃபாவுக்காகத் தைத்த சிவப்புச் சட்டையைக் காட்டினாள். ஷ்யாமளா நன்றாக இருக்கிறது என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

திருநாளன்று காலையில் ரஃபா சிவப்புச் சட்டையோடு கனேலாவின் முதுகில் உட்கார்ந்திருப்பதை ஷ்யாமளா பார்த்தாள். நேராகப் பந்தயத்தை நடத்தும் அன்செல்மோவிடம் போனாள். ரஃபா ஓட்டக் கூடாது என்றாள். ஏன் என்று கேட்டார். காரணம் சொல்ல முடியாது, டாக்டராகச் சொல்கிறேன் என்றாள். அன்செல்மோ அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். வருடா வருடம் அம்மாக்கள் எல்லோரும் வந்து இதையேதான் சொல்வார்கள், நீங்களும் ஊர்க்காரியாகிவிட்டீர்கள் என்றார். அதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கூட்டத்தில் லூப்பேவைத் தேடினாள். லூப்பே தூரத்தில், யாரோ ஊற்றிய தண்ணீரில் நனைந்து, சிரித்துக்கொண்டு நின்றாள். ஷ்யாமளா அங்கே போய்ச் சேர்வதற்குள், குதிரைகளை நிறுத்தி வைத்திருந்த கயிறு இறங்கிப் பந்தயம் தொடங்கிவிட்டது.

கனேலா முதலில் வந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகு, கூட்டம் கத்திய கத்தலில் மிரண்டு ஒரு பக்கமாக ஒதுங்கியது. ரஃபா சறுக்கிக் கீழே விழுந்தான். பெரிதாக ஒன்றும் விழவில்லை. உடனே எழுந்துவிட்டான். சட்டையில் மண்ணைத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே அம்மாவை நோக்கி நடந்தான். லூப்பே அவனைக் கட்டிக்கொண்டாள். ஷ்யாமளா ஓடிப்போய் அவனை உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்தாள். ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்துகொண்டிருந்தது. அவள் ஹெலிகாப்டருக்குச் சொல்லச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கும்போதே அவன் அம்மாவின் மடியில் சரிந்தான். வலிப்பு வந்தது.

அவளால் முடிந்ததையெல்லாம் செய்தாள். மூச்சுக்குழாயில் குழாய் போட்டாள், மருந்து ஏற்றினாள். மலைக் காற்று பலமாக இருந்ததால் ஹெலிகாப்டர் சுற்றிச் சுற்றி வந்து தாமதமாகத்தான் இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கருவியில் வைத்திருந்துவிட்டு, மூளை இறந்துவிட்டது என்றார்கள். லூப்பே திரும்பி வந்தபோது ஷ்யாமளாதான் அவளைக் காரிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினாள். அடக்கம் முடியும் வரை லூப்பே அவள் கையை விடவில்லை. டாக்டர் என் பிள்ளைக்காகப் போராடினாள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு நிற்பது ஷ்யாமளாவுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அன்செல்மோவுக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். சில வாரம் கழித்து லூப்பேவின் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் என்னிடம் வந்து தடுக்கச் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று அழுதிருக்கிறார். லூப்பே அங்கிருந்து நேராகக் கிளினிக்குக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ரஃபா உங்ககிட்ட வந்தானா?"

இறந்துபோனவனின் தாய்க்குச் சொல்லலாம். இப்போது எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஷ்யாமளா நடந்ததையெல்லாம் சொன்னாள். முதல் அடி, ஸ்கேன், ஒற்றைக் காலில் சாய்ந்தது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டது, எதையும் விடவில்லை. லூப்பே முழுவதையும் கேட்டாள்.

"அந்த ஞாயித்துக்கிழம சட்டையைக் காட்டுனேனே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா நான் அந்தக் குதிரைய வித்திருப்பேன். அவன் என்னை வெறுத்திருப்பான். இருந்திருப்பான்."

ஷ்யாமளா நாற்காலியிலிருந்து எழுந்தாள். லூப்பே அதற்குள் வெளியே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் கிளினிக் பக்கம் வரவில்லை. ஊரில் மற்றவர்கள் வந்தார்கள், வேறு டாக்டர் இல்லையே. ஆனால் காயத்தைக் காட்டிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள். ஷ்யாமளா வக்கீலிடம் வேறு ஊருக்கு மாற வழி உண்டா என்று கேட்டாள். கிளினிக்கை மூடினாலோ சம்பளம் கொடுக்காவிட்டாலோதான் மாற்றுவார்கள், மனக் கஷ்டத்தையெல்லாம் காரணமாகக் காட்ட முடியாது என்றார். பத்ரி ஒவ்வொரு நாளும் போனில், இன்னும் கொஞ்ச நாள்தான் என்றான். அவள் உம் கொட்டினாள். ஸ்ம்ருதி போனை வாங்கி, ஆர் யூ ஓகே அம்மா என்று கேட்டால், சாப்பிட்டியா என்று திருப்பிக் கேட்பாள்.

லூப்பே சர்க்கரைக்கு மலையை விட்டு இறங்கி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஷ்யாமளா கேள்விப்பட்டாள். பிறகு அங்கேயும் போகவில்லை என்று கேள்விப்பட்டாள். இன்சுலினைக் கிளினிக் நர்ஸிடம் கொடுத்தனுப்பினாள். பை திறக்காமலே திரும்பி வந்தது. இரண்டு முறை அவளே போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. குளிர்காலத்தில் லூப்பேவின் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை மங்கிவிட்டது. அக்கா ஒருத்தி வந்து கூட இருந்து பார்த்துக்கொண்டாள். மிளகாய்த் தோட்டம் கைமாறியது. கனேலாவை யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் வருடமும் பந்தயம் நடந்தது. இந்த முறை எல்லோரும் தலைக்கவசம் போட்டிருந்தார்கள். தேவாலயத்தில் ரஃபாவின் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். எல்லைக் கோட்டில் நிற்க முடியுமா என்று அன்செல்மோ தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் நின்றாள். ஒவ்வொரு ஜோடிக் குதிரையும் வரும்போது வாய்க்குள் ஸ்லோகம் சொல்லிக்கொண்டாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உடுத்திய துணியோடு தரையில் படுத்தாள். மழை வரவில்லை.

கெடு முடிந்த வாரம் பத்ரியும் ஸ்ம்ருதியும் வண்டியோடு வந்தார்கள். சாமானெல்லாம் ஏற்றிய பிறகு ஷ்யாமளா தனியாக லூப்பேவின் வீட்டுக்கு நடந்து போனாள். லூப்பே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினாள். ஆள் யாரென்று தெரியவில்லை. அண்டை வீட்டுக்காரி என்று நினைத்திருக்க வேண்டும். வா, உட்கார், வெயிலில் வந்திருக்கிறாயே, தண்ணீர் குடிக்கிறாயா என்று ஸ்பானிஷில் கேட்டாள். பழைய லூப்பேவின் குரல் அது. ஷ்யாமளா வாசல் படியருகே நின்றாள். அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள்.

"லூப்பே, நான்தான். ஊருக்குப் போறேன்."

லூப்பேவின் முகம் இறுகியது. நாற்காலியின் கையைத் தடவிப் பிடித்து மெதுவாக எழுந்தாள். சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. தூங்குகிற குழந்தை இருக்கும் வீட்டில் சாத்துவது போலச் சாத்தினாள்.

ரிச்சர்ட்சனுக்கு வந்த சில மாதத்தில் அவர்கள் வீட்டில் ஒரு பார்ட்டி நடந்தது. வெய்வர் முடிந்தாயிற்று, இனி கிரீன் கார்டுக்குத் தடையில்லை என்று பத்ரியின் நண்பர்கள் கேக் வாங்கி வந்தார்கள். ஒரு ஆண்ட்டி, மூணு வருஷம் தவம் இருந்து ஜெயிச்சுட்டேள் என்றாள். ஷ்யாமளா கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். நல்ல சம்பளத்தில் இரண்டு குடும்ப டாக்டர் வேலைகள் வந்தன. இரண்டையும் வேண்டாம் என்றாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், சேர்ந்த நோயாளிகளை அங்கே இருக்கும் வரை மட்டும் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டாள். இவ்வளவு படித்துவிட்டு ஏன் இந்த ஷிஃப்ட் வேலை என்று பத்ரி கேட்டான்.

"அங்க யாரும் திரும்பி வர மாட்டா. பேர்கூட ஞாபகம் வச்சுக்க வேண்டாம்."

 அவள் இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.